குழுக் கூட்டப் பாடம்: நம் வங்கிக் கணக்கை நாமே பாதுகாப்போம்



தோவாளையில் பூக் கட்டுகிறவர்கள், குளச்சல் பக்கம் மீன் விற்கிறவர்கள், அண்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கிறவர்கள் என்று பல தொழில் செய்கிறவர்களும் நம் குழுக்களில் இருக்கிறோம். முன்பெல்லாம் நம் கையில் மிஞ்சுகிற பைசா எங்கே இருக்கும்? அரிசிப் பானைக்குள்ளே இருக்கும், இல்லையென்றால் சேலை மடிப்புக்குள்ளே இருக்கும். இப்போது அது வங்கியில் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் கணக்குகள் தொடங்கியபோது, அதுவரை வங்கி வாசல் மிதிக்காத பெண்கள்கூடக் கணக்கு வைத்தார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் நேராகப் பெண்களின் கணக்கிலேயே வந்து விழுந்தது. குழுக் கடன், கூலி, கேஸ் மானியம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிற பணம் எல்லாம் கணக்கு வழியாகத்தான் வருகிறது.

பைசா வங்கிக்குப் போனதும் திருடனும் அங்கே போய்விட்டான். அவன் இப்போது ஓட்டைப் பிரித்து இறங்குவதில்லை. போனில் கூப்பிடுகிறான், "அக்கா" என்று அன்பாகப் பேசுகிறான். ஆகவே இந்த மாதக் கூட்டத்தில் வங்கிக் கணக்கைக் காப்பது பற்றிப் படிப்போம். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநரும் பிரதிநிதிகளும் இதை வாசித்துச் சொல்ல வேண்டும்.

2020-ல் தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

பி.எம். கிசான் திட்டம் 2019-ல் தொடங்கியது. நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக, தவணைக்கு 2,000 ரூபாய். கொரோனா ஊரடங்கு நேரத்தில் இடைத்தரகர்களும் சில கம்ப்யூட்டர் சென்டர்காரர்களும் கிராமங்களில் புகுந்தார்கள். "ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் ஜெராக்ஸ் குடுங்க. கொரோனா பணம் வரும்" என்றார்கள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த ஜனங்கள் நம்பிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் பயன்படுத்த வேண்டிய ரகசியக் குறியீட்டை வைத்து, நிலமே இல்லாதவர்களை விவசாயிகள் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பணமும் வந்தது. அதில் தரகர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டார்கள்.

2020 ஆகஸ்டில் குட்டு வெளிப்பட்டது. தகுதி இல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்றும், சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனது என்றும் அரசே சொன்னது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் போன்ற மாவட்டங்களில் இது அதிகம். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. தரகர்கள் கைதானார்கள், ஊழியர்கள் பணி நீக்கம், பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வந்த பணத்தை அந்தந்தக் கணக்குகளில் இருந்தே அரசு திரும்ப எடுத்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? கமிஷன் தரகருக்குப் போனது. ஆனால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை கணக்குக்காரர் பேரில் நின்றது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா, ஜெராக்ஸ் மட்டும்தான் குடுத்தேன்" என்று சொன்னாலும், கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள். கணக்கில் இருக்கும் பணத்தைப் போலவே நம்முடைய பேரும் திருடப்படும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

திருடன் எதைக் கேட்பான்?

1) ஓ.டி.பி. நம்பர்: "பேங்கில் இருந்து பேசுறோம். உங்க ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆகிப்போச்சு" என்பான். அல்லது "உரிமைத் தொகை நின்னுபோகும், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்பான். அந்த நம்பர் நம் கணக்கைத் திறக்கும் சாவி. எந்த வங்கியும் எந்த அரசு அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்காது. கேட்டால் அவன் திருடன், அவ்வளவுதான். பதில் பேசிக்கொண்டிருக்காமல் போனை வைத்துவிட வேண்டும்.

2) பின் நம்பர்: போன்பே, கூகுள்பே போன்ற யு.பி.ஐ. வழியில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் போட வேண்டும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 5,000 ரூபாய் வரும்" என்று ஒருவன் சொன்னால் பணம் வராது, போகும். தனி ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் யு.பி.ஐ.யில் பணம் கேட்டு அனுப்பும் வசதியை ஏமாற்று வேலை பெருகியதால் 2025 அக்டோபரில் நிறுத்தினார்கள். ஆனாலும் ஸ்கேன் பண்ணச் சொல்லி ஏமாற்றுவது நிற்கவில்லை.

ஏ.டி.எம். மையத்திலும் இதே கதைதான். "நான் எடுத்துத் தாரேன் அம்மா" என்று வருகிறவர் நம் பின் நம்பரைப் பார்த்துக்கொண்டு, வேறு கார்டை நம் கையில் தந்துவிட்டுப் போவார். நமக்கு எடுக்கத் தெரியாவிட்டால் வங்கிக்கு உள்ளே போய்ச் செல்லான் எழுதி எடுப்போம். நேரம் ஆனாலும் பரவாயில்லை.

3) கைரேகை: கைரேகை மெஷினில் பணம் எடுக்க ஏ.டி.எம். கார்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். ஆதார் நம்பர், எந்த வங்கி என்ற விவரம், விரல் ரேகை இவை மூன்றும் போதும். பத்திரப் பதிவுத் தாள்களில் இருந்து கைரேகையை எடுத்து ரப்பரில் அச்சு செய்த மோசடியை 2018-ல் தெலங்கானாவில் பிடித்தார்கள். அங்கே அதை சிம் கார்டு வாங்கப் பயன்படுத்தினார்கள். அதன்பிறகு இதே வழியில் வங்கிப் பணம் எடுத்த வழக்குகளும் நாட்டில் வந்தன.

நாம் கவனிக்க வேண்டியது இது. "விரல் பதியல, இன்னொரு தடவ வையுங்க" என்று சொன்னால், முதல் தடவைக்கு உரிய சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகே மறுபடி விரல் வைக்க வேண்டும். எவ்வளவு எடுத்தோம் என்று மெஷின் திரையில் பார்க்க வேண்டும். ஆதார் செயலியிலோ ஆதார் இணையதளத்திலோ நம் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டினால் ஆதார் வழியாக விரல் வைக்கும் எந்த இடத்திலும் ஏற்காது, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1947 என்ற ஆதார் உதவி எண்ணில் கேட்கலாம்.

4) நம் பேர்: ஆதார், பான் கார்டு, போட்டோ, கையெழுத்து இவை சேர்ந்தால் நம் பேரில் சிம் வாங்கலாம், கடனும் வாங்கலாம். நகல் கொடுக்கும்போது அதன் மேல் "இன்ன காரியத்துக்காக மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுவோம். ஜெராக்ஸ் கடையில் தவறாக விழுந்த நகலைக் கிழித்துக் கையோடு கொண்டுவருவோம். ஆதாரின் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகலும் உண்டு. அது போதும் என்கிற இடத்தில் அதையே கொடுப்போம்.

"உன் பேரில் லோன் எடுத்துத் தா, நான் கட்டுறேன்" என்று சொந்தக்காரர் கேட்டாலும் சரி, பக்கத்து வீட்டு அக்கா கேட்டாலும் சரி, கடன் நம் பேரில்தான் ஏறும். நம் பேரில் என்னென்ன கடன் இருக்கிறது என்ற விவரத்தை, கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடம் ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. 2017-ல் இருந்து இது நடைமுறையில் உள்ளது. படித்த பிள்ளைகள் உதவியோடு எடுத்துப் பார்ப்போம்.

கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்!

இது புது ஆபத்து. "பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூணும் தாங்க, மாசாமாசம் பைசா தாறோம்" என்று ஆள் வருவார்கள். எங்கேயோ ஒருவரிடம் திருடிய பணம் நம் கணக்கில் வந்து, அடுத்த நிமிஷம் வேறு கணக்குக்குப் போகும். போலீஸ் தேடும்போது முதலில் கிடைப்பது நம் பேரும் முகவரியும்தான். கணக்கை முடக்குவார்கள். நம் சொந்தக் கூலிப் பணமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். வேறு மாநிலப் போலீஸ்கூட விசாரிக்க வரலாம். வேலைக்காக வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

மறைக்காதீர்கள்! "வீட்டுக்காரர் அறிஞ்சா ஏசுவார்" என்று ஒரு நாள் தள்ளிப்போட்டால் பணம் பத்துக் கணக்கு தாண்டிப் போயிருக்கும். உடனே செய்ய வேண்டியவை:

* 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். புகார் பதிவானதும், பணம் போன கணக்கு உள்ள வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். எடுத்துவிட்டால் நிறுத்த வழி இல்லை. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் முக்கியம்.
* கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த மெசேஜை அழிக்க வேண்டாம்.
* பாஸ்புக்கிலோ ஏ.டி.எம். கார்டின் பின்பக்கத்திலோ உள்ள வங்கி எண்ணுக்குப் பேசி கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். கூகுளில் நம்பர் தேட வேண்டாம். அங்கே போலி நம்பர்களும் கிடக்கின்றன.
* கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள்.
* சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு வெளியிட்டது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ பணத்தை எடுத்திருந்தால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்பவருக்கு நஷ்டம் இல்லை என்றது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை நாம் ஏற்க வேண்டும் என்றது. ஓ.டி.பி., பின் நம்பரை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில். தெரிவித்த பிறகு போனால் அது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதுதான் நமக்கு லாபம். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448.

குழுவில் நாம் செய்ய வேண்டியவை

குழு என்றால் சேமிப்பும் கடனும் மட்டும்தானா? ஒருத்திக்குக் கஷ்டம் வந்தால் முதலில் ஓடிவந்து சொல்கிற இடம் குழுவாக இருக்க வேண்டும். ஏமாந்து வந்தவளைப் பார்த்து "உனக்குப் புத்தி எங்கே போச்சு?" என்று கேட்டால், அடுத்தவள் வாயே திறக்க மாட்டாள். நன்றாகப் படித்தவர்களும், பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்களும் இந்த மோசடிகளில் லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். ஆகவே ஏசுவதை விட்டு, 1930-க்குப் போன் போட்டுக் கொடுப்போம்.

இன்னொரு காரியம். உறுப்பினர்களின் சொந்தப் பாஸ்புக்கையோ, ஏ.டி.எம். கார்டையோ, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செல்லானையோ ஊக்குநர் வாங்கி வைக்கக் கூடாது. நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு குறை வந்தால் பழி அவர்மேல் விழக் கூடாது அல்லவா? வீட்டிலும் அப்படித்தான். கணக்கு நம் பேரில் இருந்து, கார்டும் பின் நம்பரும் மகன் கையிலோ கணவர் கையிலோ இருந்தால், கணக்கில் நடப்பது நமக்கு எப்படித் தெரியும்?

வங்கியில் கொடுத்துள்ள போன் நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாதங்களில் வேறு ஆளுக்குப் போய்விடும். பணம் எடுத்தால் வரும் மெசேஜும், ஓ.டி.பி.யும் அவருக்குப் போகும்!

கலந்துரையாடலுக்கு:

1. நம்மில் எத்தனை பேருடைய வங்கிக் கணக்கில் நம் சொந்தப் போன் நம்பர் இருக்கிறது?
2. கடைசியாகப் பாஸ்புக் பதிந்தது எப்போது?
3. நம் ஆதார் நகலைக் கடந்த ஒரு வருடத்தில் யார் யாரிடம் கொடுத்தோம்? எதற்காக?
4. நம் ஊரில் இப்படி யாராவது ஏமாந்திருக்கிறார்களா? அப்போது என்ன செய்தார்கள்?

தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவை:

* மாதம் ஒரு முறை பாஸ்புக் பதிந்து, கூட்டத்துக்குக் கொண்டுவந்து, வரவு செலவைப் படித்துப் பார்ப்போம். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர் உதவுவோம்.
* போன் நம்பர் மாறியவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் கிளையில் மாற்றுவோம்.
* 1930 என்ற எண்ணை எல்லோர் போனிலும் இன்றே பதிவோம். போன் இல்லாதவர்கள் பாஸ்புக் அட்டையில் எழுதி வைப்போம்.
* யாருக்காவது பணம் போனால், அன்றே இரண்டு உறுப்பினர்கள் அவருடன் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் போவோம்.

கூட்டம் முடிந்து போகும்போது பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியிடமும் இதைச் சொல்லுங்கள். முதியோர் உதவித்தொகைக்காக மெஷினில் விரல் வைக்கிறவர்கள் அவர்கள்தானே!