எய்தவரும் அம்பும்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது நம் முன்னோர் வாக்கு. அன்று எய்தவன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றான். இன்றோ ஆசியாவில் பாயும் அம்பை அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் அமர்ந்து எய்ய முடிகிறது. ஆளில்லா விமானத் தாக்குதல்களைப் பற்றி நாம் சிறிது ஆராய்வோம்.

ஆளில்லா விமானம் என்பது யாது?

ட்ரோன் எனப்படும் இவ்விமானத்தில் விமானி இல்லை. இதன் காமிரா எடுக்கும் படம் செயற்கைக்கோள் வழியே தொலைதூர அறைக்குச் செல்கிறது. அங்குள்ளோர் திரையைப் பார்த்து ஏவுகணையைச் செலுத்துகின்றனர். பல மணி நேரம் வட்டமிட்டுக் கண்காணிக்கலாம். தம் வீரர்க்கு ஆபத்தில்லை. குறியும் தவறாது என்பர் இதை ஆதரிப்போர். ஏவுகணை குறித்த இடத்திலேயே பெரும்பாலும் விழுகிறது. ஆனால் அங்கே இருப்பவர் யாவர் என்பதைத் திரை எப்போதும் சொல்வதில்லை.

மூன்று நிகழ்ச்சிகள்

2006 ஜனவரி 13 அன்று, அல்-காய்தா தலைவர்களுள் ஒருவரான ஜவாஹிரி இருப்பதாக எண்ணி, பாகிஸ்தானின் டமடோலா கிராமத்து வீடுகள் தாக்கப்பட்டன. பெண்களும் சிறுவரும் உட்படக் குறைந்தது 18 பேர் மாண்டனர். ஜவாஹிரி அங்கு இல்லை.

2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலையத்தில் மனித வெடிகுண்டுத் தாக்குதல் நிகழ்ந்தது. மற்றொன்று நேருமோ என்ற அச்சத்தில், மூன்று நாள் கழித்து ஒரு வெள்ளைக் கார் தாக்கப்பட்டது. அதை ஓட்டி வந்தவர் ஓர் உதவி நிறுவனப் பணியாளர். இறந்த பொதுமக்கள் 10 பேர். அவர்களுள் 7 பேர் குழந்தைகள். முதலில் சரியான தாக்குதல் என்று கூறிய அமெரிக்க இராணுவம், செப்டம்பர் 17 அன்று தவறென ஒப்புக்கொண்டது.

2022 ஜூலை 31 அன்று ஜவாஹிரி காபூலில் கொல்லப்பட்டார். அவரது அன்றாட நடமாட்டத்தைப் பல மாதம் கவனித்த பின், மாடி முகப்பில் தனித்து நின்றபோது தாக்கியதாகவும், வேறெவரும் இறக்கவில்லை என்றும் அமெரிக்க அரசு அறிவித்தது. இத்தகைய தலைவர்கள் எண்ணற்ற உயிர்களைக் குடித்தவர்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் டமடோலாவில் இறந்த குழந்தைகள் என்ன குற்றம் செய்தனர்?

எண்ணிக்கையில் வேறுபாடு

2009 முதல் 2015 வரை, போர்க்களம் என அறிவிக்கப்படாத நாடுகளில் நடத்திய 473 தாக்குதல்களில் 64 முதல் 116 வரை பொதுமக்கள் இறந்ததாக அமெரிக்க அரசு 2016-இல் கூறியது. லண்டனிலுள்ள புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பொன்றோ 380 முதல் 801 வரை எனக் கணக்கிட்டது. எட்டாத மலைக்கிராமங்களில் முறையான விசாரணை நடப்பது அரிது. இறந்தவர் போராளியா, உழவரா என்பதிலும் கருத்து வேறுபடுகிறது.

சட்டம் கூறுவது

ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட விதிகள் மூன்றை வலியுறுத்துகின்றன: போராளியையும் பொதுமக்களையும் பிரித்தறிதல், இயன்ற முன்னெச்சரிக்கை எடுத்தல், இராணுவப் பயனுக்கு மிஞ்சிய பொதுமக்கள் சேதம் விளையுமெனின் தாக்குதலைக் கைவிடுதல். ஒருவர் யாரெனச் சந்தேகம் எழுந்தால் அவரைப் பொதுமக்களுள் ஒருவராகவே கொள்ள வேண்டும்.

"தலைவர் கொல்லப்பட்டார்" என்ற செய்தியை இனி நாளிதழில் காணும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போம். உடன் இருந்தவர் யாவர்? அவர்களை எண்ணியவர் யார்? தவறு நேர்ந்திருப்பின் பொறுப்பேற்றவர் யார்? எய்தவர் எத்தனை தொலைவில் இருந்தாலும், பொறுப்பு அவரை விட்டு அகலாது.