வாடாத கடலை



சென்னைத் துறைமுகத்தில் பர்மா உளுந்து வந்திறங்குவதை இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்து மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகிலேயே மிகுதியாகப் பருப்பு வகைகளை விளைவிப்பது நம் நாடு. அப்படியிருந்தும் வெளியிலிருந்து வாங்குகிறோம். உண்போர் மிகுதி என்பது ஒரு காரணம். விளைச்சலில் ஒரு பங்கை நோய்கள் அழிப்பது மற்றொன்று.

கொண்டைக்கடலைக்கு எமன் வாடல் நோய். ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை வேர் வழியே நுழைந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது. ஈரமண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் சாகிறது! கடலை பயிரிடாமல் விட்டாலும் இப்பூஞ்சை ஆறாண்டு வரை மண்ணில் உயிரோடிருக்கும். எனவே செடியே எதிர்த்து நிற்க வேண்டும்.

கர்நாடகத்தின் 'அண்ணிகேரி 1' நல்ல ரகம். ஆனால் வாடலுக்கு இரையாகும். 'டபிள்யூ.ஆர். 315' தாங்கும். இரண்டையும் கலந்தால் பிள்ளைச் செடியில் பாதிக்குப் பாதி. அதைத் திரும்பத் திரும்ப அண்ணிகேரியோடு கலந்தால், மற்றதன் பங்கு சராசரியாக 1/4, 1/8, 1/16 என்று குறையும். அந்த 1/16 பங்கிலும் எதிர்ப்பு ஜீன் தங்கியிருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். இவ்வெதிர்ப்பு ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். கலப்புச் செடியில் ஒன்றுதான் இருக்கும். நோய் மண்ணில் நட்டுச் சோதித்தால், நாம் தேடும் செடியும் சேர்ந்து மடியும்!

இயற்பியல் இங்கே கைகொடுக்கிறது. (சொந்தத் துறையைப் புகழ்கிறேன் என்று எண்ணாதீர்கள்.) இலைத் துணுக்கிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, எதிர்ப்பு ஜீனுக்கு அருகிலுள்ள ஒரு சிறு பகுதியை மட்டும் படியெடுக்கிறார்கள். சுற்றுக்கு இருமடங்கு, 30 சுற்றில் நூறு கோடிக்கு மேல். கணக்கிட்டுப் பாருங்கள். இப்பகுதியின் நீளம் இரு ரகங்களிலும் வெவ்வேறு. அதுவே அடையாளம்.

நீளத்தை அளப்பது எப்படி? டி.என்.ஏ.வின் பாஸ்பேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. மின்புலத்தில் வைத்தால் அது நேர்மின்முனையை நோக்கி நகரும். நீளம் இருமடங்கானால் மின்னூட்டமும் இருமடங்காகும். ஆகவே வெறும் நீரில் எல்லாத் துண்டுகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும். அகரோஸ் பாளத்தின் நுண்துளைகள் வழியே ஓடவிட்டால் குட்டை முந்தும், நெட்டை பிந்தும். காசிமேட்டு மீன் சந்தை நெரிசலில் சிறுவன் நழுவிப் போவான், கூடைக்காரர் சிக்கிக்கொள்வார். அகரோஸ் புதுப்பொருள் அன்று. கடற்பாசி இனிப்பு செய்கிறார்களே, அந்தப் பொருளின் ஒரு தூய பகுதிதான்.

பாளத்தில் இரு கோடுகள் தெரிந்தால், ஜீன் அச்செடியில் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். கடைசியில் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, எதிர்ப்பு ரகத்தின் கோடு மட்டும் தெரியும் பிள்ளைகளைப் பொறுக்குகிறார்கள்.

வாடல் ஜீனுக்கருகே சில அடையாளங்கள் முன்பே தெரிந்திருந்தன. 2013-இல் ஐதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிலையத்தின் தலைமையில் பன்னாட்டு அறிஞர்கள், ஏறத்தாழ 74 கோடி எழுத்து நீளமுள்ள கடலை டி.என்.ஏ.வின் பெரும்பகுதியைப் படித்து வெளியிட்டனர்; 28,269 ஜீன்களை இனங்கண்டனர். பிற பண்புகளுக்கும் அடையாளம் தேடுவது அதனால் எளிதாயிற்று.

மேற்சொன்ன முறையில் ராய்ச்சூர் வேளாண் பல்கலைக்கழகமும் இக்ரிசாட்டும் உருவாக்கிய 'சூப்பர் அண்ணிகேரி 1' 2019-இல் வெளிவந்தது. அது பெற்றிருப்பது பூஞ்சையின் 4-ஆம் வகைக்கான எதிர்ப்பு. இப்பூஞ்சையில் எட்டு வகைகள் அறியப்பட்டுள்ளன; ஒன்றைத் தடுக்கும் ஜீன் இன்னொன்றிடம் தோற்கலாம். ஆதலால் ஒரே செடியில் பல எதிர்ப்பு ஜீன்களைச் சேர்க்க முயல்கிறார்கள். அப்போது பாளத்தில் பார்க்கவேண்டிய கோடுகளும் பலவாகும்.