டிரைவ் மவுண்ட் ஆகவில்லையா? வேலை உங்களுக்குத்தான்

பெங்களூரு மர்பி டவுனிலிருந்து அல்சூர் மெட்ரோவுக்கு நடந்தே போய்விடலாம். பர்ப்பிள் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் ஒயிட்ஃபீல்டு. 2023 அக்டோபரில் அந்தத் தடம் முழுசாகத் திறந்தது உங்களுக்கு மட்டுமல்ல, அங்கே ஐடி சப்போர்ட் வேலைக்கு வரும் போட்டியாளர்களுக்கும் வசதிதான். அத்தனை பேர் ரெஸ்யூமேயிலும் ‘லினக்ஸ் தெரியும்’ என்று ஒரு வரி இருக்கும். அதைச் சோதிக்க இன்டர்வியூவில் ஒரு கேள்வி போதும்: “உபுண்டு மெஷினில் பேக்கப் டிரைவ் மவுண்ட் ஆகவில்லை. என்ன செய்வீர்கள்?”

“ஃபார்மட் பண்ணுவேன்” என்றால் கதவு அந்தப் பக்கம்.

1. முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். டிரைவில் ஒரு பைட்கூட எழுதாதீர்கள். “இந்த டேட்டாவுக்கு வேறு காப்பி உண்டா? டிரைவ் கீழே விழுந்ததா?” என்று யூசரைக் கேளுங்கள். “நான் ஒண்ணுமே பண்ணலை” என்பார். நம்பாதீர்கள், ஆனால் திட்டவும் வேண்டாம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவர் நீங்கள். பதறிப்போனவரிடம் அவர் மொழியிலேயே பேசி உண்மையைக் கறப்பது பெரிய ஸ்கில். கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

2. கேபிளை மாற்றுங்கள், போர்ட்டை மாற்றுங்கள். சிரிக்க வேண்டாம். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. மலிவு ஹப்பில் நாலு சாதனங்களுக்கு நடுவே செருகிய ஹார்ட் டிஸ்க் மூச்சுத் திணறும். எஸ்.பி. ரோடில் நல்ல கேபிள் ஒன்று வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள்.

3. இனி டெர்மினல். ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையில் டிஸ்க் தெரிகிறதா? ‘டிமெசேஜ்’ என்ன புலம்புகிறது? பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. டிரைவ் என்டிஎஃப்எஸ் என்று வையுங்கள். விண்டோஸில் ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கியிருந்தால் அதில் ‘டர்ட்டி’ முத்திரை விழுந்திருக்கலாம். 2021-இல் கர்னல் 5.15-உடன் வந்த புதிய என்டிஎஃப்எஸ் டிரைவர், அந்த முத்திரையைக் கண்டால் மவுண்ட் செய்ய மறுக்கும். டிரைவ் சாகவில்லை, கர்னல்தான் ஜாக்கிரதையாக இருக்கிறது. ஃபோர்ஸ் பண்ணாதீர்கள். விண்டோஸ் மெஷினில் செருகி ‘செக்டிஸ்க்’ ஓட்டி, ஒழுங்காக எஜெக்ட் செய்து கொண்டுவாருங்கள்.

4. லாகில் ஐ/ஓ எரர் வரிசையாக வந்தால் கதை வேறு. ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் ‘பெண்டிங் செக்டர்’ எண்ணிக்கை ஏறியிருந்தால் ‘எஃப்எஸ்சிகே’ பக்கம் போகாதீர்கள். நோயாளியை ஓடச் சொல்வது போல அது. ‘டிடிரெஸ்க்யூ’வால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்கு இமேஜ் எடுங்கள். ரிப்பேர் எல்லாம் அந்தக் காப்பியில்தான்.

5. டிக்கெட்டில் நாலு வரி எழுதுங்கள்: என்ன பார்த்தேன், என்ன மாற்றினேன், எந்த ஃபைலை ரீஸ்டோர் செய்து திறந்து பார்த்தேன். அப்ரைசல் நேரத்தில் மேனேஜர் கையில் இருப்பது அதுதான்.

பயிற்சிக்குக் காசு வேண்டாம். தமிழ்நாட்டு உறவுக்காரர் வீட்டில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கலாம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதிலேயே இருக்கலாம். கேட்டு வாங்குங்கள். காலி பென் டிரைவைச் செருகி, காப்பி ஓடும்போதே பிடுங்கிவிட்டு லாகைப் படியுங்கள். பத்து முறை பிடுங்கிய பிறகு இன்டர்வியூவுக்குக் கிளம்புங்கள்.