நீர்க்கட்டி என்று எழுதும் முன்

மாதவிலக்கு தள்ளிப்போவது, சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுவது, சீப்பு நிறைய முடி வருவது, படுத்தெழுந்தும் தீராத சோர்வு ஆகியவை தைராய்டு சுரப்புக் குறைவிலும் உண்டு, பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாட்டிலும் உண்டு. ஒரே பெண்ணிடம் இரண்டும் சேர்ந்திருப்பதும் அரிதல்ல. அதனால் அறிகுறிகளை மட்டும் பார்த்தோ, ஸ்கேனை மட்டும் பார்த்தோ எது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் வயிற்று ஸ்கேனில் ‘இரண்டு பக்கமும் நீர்க்கட்டி’ என்று வந்த உடனே பெயர் வைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இதை எழுதுபவருக்கும் 24 வயதில் அதுதான் நேர்ந்தது. மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரை எட்டு மாதம் ஓடியது. அதன் பிறகு வேறொரு மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது, 18 என்று வந்தது. அந்த எட்டு மாதமும் வீண்தான். முதல் நாளே ஒரு குழாய் ரத்தம் எடுத்திருந்தால் போதும்.

பிசிஓஎஸ்ஸை 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்தார்கள். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் வரையறை 2003இல் ராட்டர்டாமில் உருவானது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் எனலாம். பலரும் கவனிக்காமல் விடும் நிபந்தனை ஒன்றும் இதோடு உண்டு. இதே அறிகுறிகளைத் தரக்கூடிய தைராய்டு கோளாறு, புரோலாக்டின் மிகுதி, சில அட்ரினல் கோளாறுகள் ஆகியவை இல்லை என்று உறுதிப்பட்ட பிறகே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். தைராய்டு பரிசோதனை செய்யாமல் எழுதப்படும் பிசிஓஎஸ் பாதி நோயறிதல்தான்.

‘நீர்க்கட்டி’ என்ற சொல்லும் வீண் பயத்தைத் தருகிறது. ஸ்கேனில் தெரிபவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன, 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவுள்ள சினைமுட்டைப் பைகள். முட்டை வெளியேறாததன் அடையாளம் அவை. ஏன் வெளியேறவில்லை என்பதுதான் கேள்வி. தைராய்டு அங்கேதான் உள்ளே வருகிறது.

தைராய்டு சுரப்பு குறைந்தால், அதை முடுக்கிவிட மூளையின் ஹைப்போதலாமஸ் டிஆர்எச் என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும். அது பிட்யூட்டரியில் டிஎஸ்எச்சை உயர்த்துவதோடு, தாய்ப்பாலுக்கான புரோலாக்டினையும் உயர்த்திவிடும். புரோலாக்டின் கூடினால் சினைப்பைக்குப் போகும் கட்டளைகள் தளர்ந்து முட்டை வெளியேறுவது தடைப்படும். இது ஒரு வழி. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதம் கல்லீரலில் உருவாகிறது. தைராய்டு குறைந்தால் இந்தப் புரதமும் குறையும். பிடியில் இல்லாத டெஸ்டோஸ்டிரோன் அதிகமாகும். பிசிஓஎஸ்ஸில் இன்சுலின் மிகுதியும் இதே புரதத்தைக் குறைப்பதால், இரண்டும் உள்ள பெண்ணுக்குச் சுமை இரட்டிப்பாகிறது. தைராய்டு குறைவு இன்சுலின் எதிர்ப்பையும் கொழுப்பையும் கூட்டுகிறது. பிசிஓஎஸ்ஸோடு சேர்ந்து வரும் உடற்பருமன் டிஎஸ்எச்சைச் சற்று உயர்த்துகிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாதபடி ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்கின்றன.

தைராய்டு குறைவு கடுமையாகி நீண்ட காலம் கவனிக்கப்படாவிட்டால், சினைப்பையே வீங்கிப் பல பைகளோடு காட்சி தரும். அதைப் பிசிஓஎஸ் என்று எடுத்துக்கொள்வது எளிது. டிஎஸ்எச், சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஆகிய இரண்டும் அமைப்பில் உறவுக்கார ஹார்மோன்கள். டிஎஸ்எச் மிக அதிகமாகும்போது மற்றதன் வேலையையும் செய்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். சிறுமிகளிடம் இது ஏற்படுத்தும் விளைவுகளை வான் விக், கிரம்பாக் ஆகியோர் 1960இல் விவரித்தார்கள். தைராய்டு மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் இப்படி வீங்கிய சினைப்பை சுருங்கிவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படுவது அபூர்வம்.

இன்னொரு தொடர்பு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வழியானது. உடலே தன் தைராய்டைத் தாக்கும் நோயை ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்தார். ஜெர்மனியில் 2004இல் வெளியான ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள 175 பெண்களில் 26.9 சதவீதத்தினருக்குத் தைராய்டை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்த 168 பெண்களில் அது 8.3 சதவீதம்தான். சென்னை உள்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வயது வந்தோரில் ஏறக்குறைய 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. நம் ஊரில் பிசிஓஎஸ் சந்தேகப்படும் எந்தப் பெண்ணுக்கும் டிஎஸ்எச் பார்க்க இந்த எண்ணே போதுமான காரணம்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய சில வேறுபாடுகள் உண்டு. மோவாயிலும் மேலுதட்டிலும் கரடான முடி, அடங்காத பரு, பின்கழுத்தில் அழுக்குப் போலத் தேய்த்தும் போகாத கருமை ஆகியவை பிசிஓஎஸ் பக்கம் சாய்பவை. மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், கரகரத்த குரல், காலையில் முகம் உப்புவது ஆகியவை தைராய்டின் அடையாளங்கள். பிசிஓஎஸ்ஸில் மாதவிலக்கு வராமல் இழுத்தடிப்பது அதிகம். தைராய்டு குறைவில் வந்தால் நிற்காமல் கொட்டுவதும் உண்டு.

இதை எழுதுபவருக்கு லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் டிஎஸ்எச் 3க்கு இறங்கியது. மலச்சிக்கல், முக வீக்கம், அதிக உதிரப்போக்கு போயின. மோவாய் முடி போகவில்லை. மாதவிலக்கும் 50 நாளுக்கு ஒரு முறைதான் வந்தது. தைராய்டு சரியான பிறகும் எஞ்சி நின்ற அதுதான் பிசிஓஎஸ். ஒன்றுக்குப் போடும் மாத்திரை மற்றதையும் தீர்த்துவிடும் என்று காத்திருந்தது இரண்டாவது தவறு. எஞ்சியதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். கூடுதல் எடை உள்ளவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே மாதவிலக்கு சீராகத் தொடங்கலாம். தேவையைப் பொறுத்து மெட்ஃபார்மினோ கருத்தடை மாத்திரையோ, குழந்தைக்கு முயல்வோருக்கு லெட்ரோசோலோ மருத்துவர் தருவார்.

தைராய்டு மாத்திரை சிறியது, ஆனால் நேரம் தவறினால் பலிக்காது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் காபியைத் தொட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. அதிக உதிரப்போக்கால் ரத்தசோகையும் இருந்ததால், இதை எழுதுபவர் இரும்பு மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு ஒன்றாக விழுங்கிவந்தார். டிஎஸ்எச் மறுபடி 9க்கு ஏறியது. மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றியதே போதுமானதாக இருந்தது.

முடி கொட்டுகிறது என்று கடையில் வாங்கும் பயோட்டின் மாத்திரையும் கவனிக்க வேண்டியது. அது தைராய்டைக் கெடுப்பதில்லை, லேப் பரிசோதனையைக் குழப்பிப் பொய்யான எண்ணைக் காட்டவைக்கும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்க்கும் எண்ணுக்கே அர்த்தம் உண்டு. இரண்டு வாரத்தில் மறு பரிசோதனை செய்வது பணவிரயம்.

தைராய்டுக்கு ஆகாது என்று சொல்லப்படும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றை வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. அயோடின் உப்பைத் தூர எறிந்துவிட்டு இந்துப்புக்கு மாறுவது கேடு. கடற்பாசி மாத்திரை போன்றவற்றால் அளவுக்கு மீறி அயோடின் சேர்வதும் ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்களுக்குக் கேடுதான்.

கர்ப்பம் உறுதியானதும் ‘தைராய்டு மாத்திரை குழந்தைக்கு ஆகாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தச் சொல்வது உண்டு. உண்மை நேர்மாறானது. முதல் மாதங்களில் சிசு தாயின் தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. அப்போது மருந்தின் அளவை 25 முதல் 30 சதவீதம் வரை கூட்ட வேண்டியிருக்கும் என்பதால், நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தால், தைராய்டு எண் சரியாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருப்பை உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் புற்றுநோய்க்கு இடம் தரும். பிசிஓஎஸ் உள்ளவர்கள் சர்க்கரைப் பரிசோதனையையும் அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு கோளாறுகளும் குடும்ப வழியில் வரக்கூடியவை என்பதால் அக்கா, தங்கை, மகள் விஷயத்திலும் கவனம் தேவை. ஆனால் வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் என்று சொல்லக் கூடாது. அந்த வயதில் பல சிறு பைகள் தெரிவது இயல்பு. மாதவிலக்கு தவறும் 15 வயதுப் பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியவற்றில் டிஎஸ்எச்சும் ஒன்று.