பழைய வாகனம்: திருத்துவதா, மாற்றுவதா? – திருநெல்வேலிக் கார்கள் சொல்லும் பாடம்



தோட்டத்தில் ஒரு வீட்டு வாசலில் வாகனம் நின்றால் அது அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நடுச்சாமத்தில் பிரசவ வலி எடுத்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் லயமே அந்த வாசலுக்குத்தான் ஓடும். அந்த வாகனம் பழசாகி, மாதத்துக்கு ஒரு தடவை கராஜில் ஏறத் தொடங்கினால் வீட்டில் ஒரு பேச்சு எழும். "இன்னும் இதுக்கே செலவழிச்சிக்கிட்டு இருக்கிறதா? தள்ளிவிட்டுட்டு வேற ஒண்ணு எடுக்கிறதா?" என்று மகன் கேட்பார். "ஓடுற மட்டும் ஓடட்டும்டா" என்று அப்பா சொல்வார்.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் முடிவு பிழைத்தால், முப்பது நாற்பது வருடம் மலையில் உழைத்து 55 வயதில் கைக்கு வந்த சேமலாப நிதிக் காசு போய்விடும். ஆகவே இந்த விடயத்தை ஒரு பாடமாகவே எடுத்துப் படிப்போம்.

1. திருநெல்வேலியில் என்ன நடந்தது?

திருநெல்வேலி என்றதும் நம்மில் சிலருக்குப் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த சீமை நினைவுக்கு வரும். நாம் இங்கே சொல்வது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியை. அங்குள்ளவர்கள் பேச்சில் 'தின்னவேலி' என்பார்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் போனால் இந்த ஊர் வரும். மரக்கறிச் சந்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இந்த ஊரில்தான் உள்ளன.

குடாநாட்டில் வாடகைக் கார் என்றால் நெடுங்காலம் ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவைதான். இவற்றில் பெரும்பாலானவை 1950களில் இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. ஆனாலும் பழையவை முற்றாகப் போகவில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரமும் இல்லை. ஊரே சைக்கிளுக்கு மாறிற்று. அந்த நேரத்தில் நோயாளியை ஏற்றவும், கல்யாண வீட்டுக்குப் போகவும் கைகொடுத்தவை அந்தக் கிழட்டுக் கார்கள்தான். அவை மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதைக் காபரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, நடந்து போனவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் நடுவே இந்தக் கார்களும் ஊர்ந்து சென்றன.

அப்போது யாரும் "திருத்துவதா, மாற்றுவதா?" என்று கேட்கவில்லை. மாற்ற எதுவும் இல்லை. போர் 2009இல் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு லீசிங் கம்பனிகளும் புதிய வாகனங்களும் வந்தன. அப்போதுதான் அந்தக் கேள்வியும் வந்தது. சிலர் பழைய காரை விற்றார்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவை ஓடுவதைக் காணலாம்.

2. அவை ஏன் தாக்குப்பிடித்தன?

கார் நல்ல சாமான் என்பது மட்டும் காரணமில்லை. நான்கு காரணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இயந்திரம் எளிமையானது. அமுக்க விகிதம் குறைவு. அதனால்தான் மண்ணெண்ணெயைக்கூடச் சகித்துக்கொண்டது. கணினியும் எரிபொருள் ஊசியும் கொண்ட இன்றைய இயந்திரத்தில் இந்த விளையாட்டு நடக்காது.

இரண்டாவது, தேய்ந்ததைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம். சிலிண்டர் தேய்ந்தால் போறிங் பண்ணி அளவு கூடிய பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லாமல் போனால் உள்ளே ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம்.

மூன்றாவது, உதிரிப்பாகமும் கைத்தொழிலும் பக்கத்தில் இருந்தன. கிடைக்காததைக் கடைசல்காரர் கடைந்து கொடுத்தார். 1990களில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் நமது நாட்டிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின என்றால் பாருங்கள்!

நான்காவது, நிலம் தட்டையானது. குடாநாட்டில் மலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. பிரேக்குக்கும் கிளச்சுக்கும் வேலை குறைவு.

இதற்கெல்லாம் விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். கரி படியும், புகை கக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றாதவரின் இயந்திரம் சீக்கிரம் படுத்துவிடும். ஆகவே யாரும் இன்று மண்ணெண்ணெய் கலந்து பார்க்க வேண்டாம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் நமது வானுக்கும் ஆட்டோவுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

3. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம்

"யாழ்ப்பாணத்தில 70 வருசத்துக் கார் ஓடுதாம், நம்ம வான் 25 வருசந்தானே" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. மேலே சொன்ன நான்காவது காரணம் மலைநாட்டில் இல்லை. நமக்கு ஏற்றம், இறக்கம், மழை, பெயர்ந்து கிடக்கும் தோட்டத்து ரோட்டு. அந்தக் காலத்துக் கார்களில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழிதான். எங்காவது ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிரேக் இல்லை. தட்டை நிலத்தில் கைப்பிரேக்கை இழுத்துத் தப்பலாம், மலை இறக்கத்தில் முடியாது. புதிய வாகனமானாலும் நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். சிறிய கியரில் இறங்குங்கள்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. காசுக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

கீழ்வரும் மூன்றில் ஒன்று இருந்தாலும் அது திருந்தும்வரை ஆள் ஏற்றக் கூடாது:

அ) சேசியில் அல்லது உடலின் அடித்தளத்தில், சில்லைத் தாங்கும் இடங்களில் கறள் தின்று ஓட்டை விழுந்திருத்தல். மொரிஸ் மைனர் போன்ற கார்களுக்குத் தனிச் சேசி கிடையாது. உடலே தாங்குகிறது. அங்கே கறள் பிடித்தால் முதுகெலும்பு உளுத்த மாதிரி.

ஆ) ஸ்டியரிங்கில் வெற்றாட்டம், அல்லது ஒரு பக்கமாக இழுத்தல்.

இ) பிரேக் மிதி தரைவரை இறங்குதல், பிரேக் எண்ணெய் காரணமின்றிக் குறைதல்.

இயந்திரம் போனால் வேறு இயந்திரம் போடலாம். அடித்தளம் முழுக்க உளுத்த வாகனத்துக்குப் புது இயந்திரம் போடுவது, இடிந்து விழப்போகும் லயத்துக்கு வெள்ளையடிப்பது போல.

4. கொப்பி போடுங்கள்

கங்காணியிடம் கொழுந்து நிறுவைக் கணக்குக் கேட்கிற நாம் சொந்த வாகனத்துக்குக் கணக்கு வைப்பதில்லை. ஒரு அப்பியாசக் கொப்பி போதும். பன்னிரண்டு மாதத்துக்கு எழுதுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், எரிபொருள், திருத்தச் செலவு, ஓடாமல் நின்ற நாட்கள்.

திருத்தச் செலவை இரண்டாகப் பிரியுங்கள். டயர், பற்றரி, பிரேக் பட்டி, ஒயில் ஆகியவை எந்த வாகனத்துக்கும் வரும் சாதாரணச் செலவு. இவற்றைப் பார்த்து மிரண்டு வாகனத்தை விற்கத் தேவையில்லை. கியர்ப்பெட்டி, இயந்திரம் போறிங், கறள் வெட்டி ஒட்டுதல் போன்றவை முதுமைச் செலவு. இதுதான் வருடாவருடம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

புகையையும் படிக்கப் பழகுங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பாருங்கள். பெற்றோல் வாகனத்தில் கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. இந்த மூன்றாவது பெரும்பாலும் சிறு திருத்தந்தான்.

5. ஒரு மாதிரிக் கணக்கு

இவை விளங்குவதற்காக நாம் போட்ட எண்கள். உங்கள் கொப்பியில் உள்ள எண்களை இந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

பழைய வான்: இன்று விற்றால் 6 இலட்சம் ரூபா. திருத்தம் வருடத்துக்கு 1,80,000, அதாவது மாதம் 15,000. மாதத்தில் 3 நாள் ஓடாமல் நிற்கிறது, நாளுக்கு 4,000 வீதம் 12,000 வருமானம் போகிறது. மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுகிறது. பழையது லீற்றருக்கு 10 கிலோமீற்றர், புதியது 15 கிலோமீற்றர். மேலதிகமாக 50 லீற்றர் செல்கிறது. லீற்றர் 300 என்று வைத்தால் 15,000. மொத்தம் மாதம் 42,000.

மாற்று வாகனம்: முற்பணம் 12 இலட்சம் (பழையதை விற்ற 6 இலட்சம், சேமிப்பு 6 இலட்சம்). லீசிங் மாதம் 65,000 வீதம் 60 மாதம், அதாவது 39 இலட்சம். ஆக 51 இலட்சம். ஐந்து வருடம் கழித்து வாகனம் 24 இலட்சம் பெறும் என்று வைப்போம். உண்மையில் கரைந்தது 27 இலட்சம். 60ஆல் வகுத்தால் மாதம் 45,000. முழுக் காப்புறுதி 8,000, பராமரிப்பு 5,000 சேர்த்தால் மாதம் 58,000.

இந்தக் கணக்கின்படி பழையதை வைத்திருப்பதே 16,000 ரூபா மலிவு. ஆனால் திருத்தச் செலவு மாதம் 31,000க்கு ஏறினால் இரண்டும் சரிக்குச் சரி. அதற்கு மேலும் கூடிக்கொண்டே போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரு மாதத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வருடச் சராசரியைப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "எது மலிவு?" என்பது ஒரு கேள்வி. "மாதாமாதம் கட்ட முடியுமா?" என்பது வேறு கேள்வி. கணக்கில் 58,000 என்றாலும் கையிலிருந்து போவது 65,000த்துடன் 13,000, ஆக 78,000. கட்டி முடியும்வரை வாகனப் புத்தகத்தில் முழு உரிமை லீசிங் கம்பனிக்குத்தான். தவணை தவறினால் வாகனமும் போகும், கொடுத்த முற்பணமும் போகும். பழைய வான் நின்றால் மூன்று நாள் கூலி போகும், அவ்வளவுதான்.

6. போன காசு போனதுதான்

பலர் விழுகிற குழி இது. "போன மாசந்தான் 80,000 போட்டு எஞ்சின் செஞ்சேன், இப்ப எப்படி விக்கிறது?" என்பார்கள். அந்த 80,000 திரும்பி வராது. திருத்தினாலும் வராது, விற்றாலும் வராது. இனிமேல் போகப்போகும் காசைத்தான் இரண்டு பக்கமும் வைத்து நிறுக்க வேண்டும்.

மறுபக்கக் குழியும் உண்டு. ஒரு நாள் ரோட்டில் நின்ற கோபத்தில், அடுத்த நாளே லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைப்பது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிற்று. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பின்பு கியூஆர் அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்குத் தொடக்கத்தில் வாரம் 5 லீற்றர்தான். ஓட்டம் இல்லை, ஆனால் தவணை நிற்கவில்லை. கடன் இல்லாத பழைய வாகனக்காரர் மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்தக் காலத்தை நாம் மறக்கலாகாது.

7. மலையிடம் கேளுங்கள்

இது நமக்குப் புதிய பாடமில்லை. வெள்ளைக்காரன் காலத்து வித்துத் தேயிலை மலையை என்ன செய்கிறோம்? அங்கங்கே செத்த இடத்தில் கன்று வைத்து நிரப்புகிறோம். நல்ல செடிகள் மிகக் குறைந்துபோனால் பிடுங்கி, புல் வளர்த்து மண்ணைத் தேற்றி மறுநடுகை செய்கிறார்கள். அந்த வருடங்களில் அந்த மலையில் கொழுந்து இல்லை. அந்த இடைக்காலத்தைத் தாங்கப் பலம் இருந்தால்தான் பிடுங்க வேண்டும். வாகனத்துக்கும் அதே நியாயம்.

திருநெல்வேலிக்காரர் மண்ணெண்ணெய்க் காரை வைத்திருந்தது பழமைப் பாசத்தால் மட்டுமல்ல. தங்கள் வாகனத்தை ஆணி ஆணியாக அறிந்திருந்தார்கள். நாமும் நமது வாகனத்தை அறிவோம், கொப்பியில் எழுதுவோம். அப்போது கராஜ்காரர் சொன்னதாலும் லீசிங்காரர் சிரித்ததாலும் முடிவு எடுக்க வேண்டி வராது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் தோட்டத்திலுள்ள ஒரு பழைய வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகுதி 3இல் சொன்ன மூன்று குறைகளும் இல்லையென்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

2. அதன் சொந்தக்காரருடன் சேர்ந்து சென்ற ஆறு மாதச் செலவை நினைவுபடுத்தி எழுதுங்கள். சாதாரணச் செலவு எவ்வளவு? முதுமைச் செலவு எவ்வளவு?

3. மூன்று மாதம் ஓட்டம் இல்லாமல் போனால் தவணையை எங்கிருந்து கட்டுவீர்கள்? இதற்குப் பதில் தெரியாவிட்டால் கையெழுத்து வைக்க வேண்டாம்.