சில வேளை கிளம்பும், சில வேளை கிளம்பாத வண்டி

நமது சங்கங்களில் பலவற்றிற்கு இன்று சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி உண்டு. நெசவாளர் வீடுகளுக்குப் பாவும் நூலும் கொண்டு செல்வதும், நெய்த துணியைச் சந்தைக்கு எடுத்துச் செல்வதும், விடியுமுன் காய்கறி மூட்டைகளை மண்டியில் சேர்ப்பதும் அவ்வண்டியே. அது ஒரு நாள் கிளம்ப மறுத்தால் நஷ்டம் ஒருவருக்கு அன்று. அங்கத்தினர் அனைவருக்கும் ஆகும்.

முற்றிலும் ஓடாத வண்டியைப் பழுது பார்ப்பது எளிது. காலையில் ஓடி, நண்பகலில் மறுத்து, பட்டறைக்கு இழுத்துச் சென்றவுடன் ஒன்றும் அறியாததுபோல் கிளம்பிவிடும் வண்டியே நம்மைச் சோதிப்பது. அத்தகைய வண்டியின் குறையை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதே இம்மாதப் பாடம். நாம் செய்த ஒரு தவற்றையும் மறைக்காமல் கூறியே இப்பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நமது வண்டி சில வாரங்களாகத் தொல்லை கொடுத்து வந்தது. சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், பிறகு மௌனம். அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால் கிளம்பிவிடும். முதலில் புதிய பேட்டரி வாங்கினோம். குறை நீங்கவில்லை. பிறகு செல்ப் மோட்டாரைக் கழற்றிப் புதுப்பித்தோம். அப்பொழுதும் நீங்கவில்லை. ஓட்டுநர் விளக்கை எரியவிட்டு உறங்கிவிடுகிறார் என்று சிலர் கூறினர். அதை நம்பி, பேட்டரியின் விலையை அவருடைய சம்பளத்தில் தவணையாகப் பிடிப்பது என்று நிர்வாகக் குழுவில் தீர்மானமும் செய்துவிட்டோம். அத்தீர்மானம் சரியா, தவறா என்பதைப் பாடத்தின் முடிவில் காண்போம்.

மின்சாரம் செல்லும் பாதை

இயந்திரம் தானாகச் சுழலத் தொடங்காது. அதை முதலில் யாரேனும் சுழற்றிவிட வேண்டும். முற்காலத்தில் கைப்பிடி கொண்டு மனிதர் சுற்றினர். கை ஒடிந்தவர்களும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த மின் துவக்கி 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அன்று முதல் அவ்வேலை செல்ப் மோட்டாரைச் சேர்ந்தது.

சாவியைத் திருப்பினால் சிறிதளவு மின்சாரம் ரிலே வழியாகச் சாலினாய்டை அடைகிறது. சாலினாய்டு ஒரு கதவு போன்றது. அது மூடிக்கொள்ளும்போது எழுவதே "டக்" என்னும் ஓசை. அப்பொழுதுதான் பேட்டரியிலிருந்து பருத்த கம்பி வழியாகப் பெருமின்சாரம் மோட்டாருக்குள் பாய்கிறது. அது மோட்டாரைச் சுழற்றிவிட்டு, இயந்திரத்தின் உடல், எர்த் பட்டை, வண்டியின் சட்டம் ஆகியவற்றின் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. போகும் வழியைப் பலரும் பார்ப்பர். திரும்பும் வழியை எவரும் பார்ப்பதில்லை. மடையைத் திறந்தும் வயலில் நீர் பாயவில்லையெனில், கிணறு வற்றியதா, வாய்க்கால் அடைபட்டதா என்று இரண்டையும் பார்ப்பது உழவர் வழக்கம் அன்றோ? இங்கும் அவ்வாறே.

செல்ப் மோட்டார் 200 ஆம்பியர், சில வேளை அதற்கு மேலும் மின்சாரம் கேட்கும். பாதையில் எங்கேனும் ஒரு முடிச்சு துருப்பிடித்து, ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை ஏற்பட்டால், அங்கேயே 2 வோல்ட் வீணாகிவிடும். 5 ஆம்பியர் கேட்கும் முகப்பு விளக்குக்கோ அதே தடையில் இழப்பு 0.05 வோல்ட் மட்டுமே. ஆகவே "விளக்கு நன்றாக எரிகிறது, எனவே கம்பிகளில் குறை இல்லை" என்று முடிவு செய்வது பிழை.

முதல் வேலை: குறிப்பேடு

விட்டு விட்டு வரும் குறையை ஆராய்பவருக்கு முதற்கருவி ஒரு குறிப்பேடும் பென்சிலும்தான். வண்டி மறுக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் பின்வருவனவற்றை எழுத வேண்டும்: நேரம், இயந்திரம் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா, மழையா, வெயிலா, எத்தனை நாள் நின்றிருந்தது, சாவியைத் திருப்பியபோது என்ன ஓசை கேட்டது, விளக்கு மங்கியதா, பின்னர் எவ்வாறு கிளம்பியது. பத்து வரிகள் சேர்ந்தபின் அவற்றினூடே ஓர் ஒழுங்கு புலப்படும்.

ஓசை கூறும் செய்தி

1. ஓசையே இல்லை, விளக்கு நன்றாக எரிகிறது. சாலினாய்டுக்கு மின்சாரம் சென்று சேரவில்லை. சாவிச் சுவிட்சு, பியூஸ், ரிலே, கிளட்சு மிதியை அடுத்துள்ள சுவிட்சு (அது உள்ள வண்டிகளில்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதே வகையான வேறு ரிலே பெட்டியில் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம், செலவு இல்லை.

2. "டக் டக் டக்" என்று விரைவாக அடிக்கிறது, விளக்கு மங்குகிறது. பேட்டரி வலிமை குன்றியிருக்கும். அல்லது அதன் முனைகள் தளர்ந்திருக்கும்.

3. ஒரே ஒரு "டக்". விளக்கு அதிகம் மங்கவில்லை. சாலினாய்டின் உள்தகடு கருகியிருக்கலாம். மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். எர்த் பட்டை கெட்டிருக்கலாம். மோட்டாரின் மேல் மெல்லத் தட்டியவுடன் சுழன்றால் கார்பனின் மேல் ஐயம் கொள்ளலாம்.

4. மோட்டார் மட்டும் கிறீச்சிட்டுச் சுழல்கிறது, இயந்திரம் சுழலவில்லை. பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது.

5. இயந்திரம் நன்கு சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை. இங்கு மின் துவக்கியின் மேல் பழியில்லை. டீசல் வண்டியாயின் எரிபொருள் குழாயில் காற்று புகுந்ததா, வடிகட்டியில் நீர் தேங்கியதா, குளிர்ந்த வேளையில் மட்டும் மறுப்பின் ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய வண்டிகளில் இயந்திரத்தின் சுழற்சியைக் கணினிக்கு அறிவிக்கும் உணரி ஒன்று உண்டு. அது சூடேறியபின் மட்டும் செயலிழப்பது அறிந்த குறையே.

அளந்து அறிதல்

அடுத்த கருவி மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவியைச் சங்கம் ஒவ்வொன்றும் வாங்கி வைத்தல் நன்று.

வண்டி இரவு முழுவதும் நின்றபின் பேட்டரி முனைகளில் அளந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 எனில் பாதியளவே மின்சாரம் உள்ளது. இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் ஏற்றுகிறது என்று பொருள். செல்ப் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். மாறாக, மோட்டார் சுழலாதபோதும் பேட்டரியில் வோல்ட் இறங்காமல் நின்றால், மின்சாரம் பாயவே இல்லை. தடை பாதையில் இருக்கிறது.

அத்தடையைக் காண, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை இயந்திரத்தின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. நேர்முனையிலிருந்து மோட்டாரின் முனைவரை 0.5க்கு மேல் போகக் கூடாது. மிகுதியாகக் காட்டினால் பாதையைத் துண்டு துண்டாக அளந்து செல்க. பாவில் அறுந்த ஓர் இழைக்காக நெசவாளர் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. விரலால் தடவி அந்த இழையை மட்டும் பிடித்து முடிகிறார். இதுவும் அத்தகைய வேலையே.

சூடான வேளையில் மட்டும் குறை தோன்றினால் சூடான வேளையிலேயே அளக்க வேண்டும். செம்புக் கம்பியின் தடை 50 டிகிரி சூடு கூடினால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். அரைகுறையாய் நின்ற முடிச்சு அந்நேரத்தில்தான் கைவிடும்.

சில நாள் நின்றபின் மட்டும் மறுப்பின், உறங்கும் வண்டியில் மின்சாரம் கசிகிறது என்று கொள்ளலாம். 0.05 ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு. அரை ஆம்பியர் கசிந்தால் 4 நாளில் 48 ஆம்பியர்-மணி போய்விடும். 70 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் எஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆம்பியர் அளக்கும் நிலையில் மல்டிமீட்டரை இணைத்திருக்கும்போது சாவியை ஒருபோதும் திருப்பலாகாது.

எச்சரிக்கை

சோதனைக்கு முன் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொடுக. பேட்டரியிலிருந்து எழும் வாயு தீப்பற்றக் கூடியது. பீடியும் தீக்குச்சியும் அருகில் ஆகா. செல்பைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து இயக்காமல் இடையில் ஆறவிடுக.

நாம் கண்ட முடிவு

நமது ஓட்டுநர் தாமாகவே ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். அதை நாம் கேட்டுப் பார்க்கவில்லை என்பதே நமது முதற்குற்றம். அதில் பதினொரு மறுப்புகள் எழுதப்பட்டிருந்தன. பதினொன்றும் சுமையுடன் ஓடி நின்றபின் நேர்ந்தவை. காலையில் ஒன்றுகூட இல்லை. விளக்கை எரியவிட்டு உறங்கியதால் வந்த குறையாயின் அது காலையில் அன்றோ தோன்ற வேண்டும்?

பன்னிரண்டாம் முறை வண்டி மறுத்தபோது அங்கேயே அளந்தோம். பேட்டரி 12 வோல்ட்டில் அசையாமல் நின்றது. எதிர்முனைக்கும் சட்டத்துக்கும் இடையே 0.1 வோல்ட். சட்டத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஏறக்குறைய 7 வோல்ட்! இரண்டையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட் தளர்ந்து, எண்ணெயும் துருவும் ஏறியிருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினோம். 0.2 வோல்ட் ஆயிற்று. வண்டி அன்று முதல் மறுக்கவில்லை. வேலை இருபது நிமிடம். செலவு ஓர் உப்புத்தாள்.

அடுத்த கூட்டத்தில் முந்தைய தீர்மானத்தை ரத்து செய்து, பிடித்த முதல் தவணையைத் திருப்பிக் கொடுத்தோம். நமது வருத்தத்தையும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தோம். பொருள் வாங்கு முன் அளப்பதும், ஒருவரைக் குறை கூறு முன் அவரைக் கேட்பதும் கூட்டுறவின் பாடங்களே.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. விளக்கு பிரகாசமாக எரிந்தும் செல்ப் சுழலாமைக்குக் காரணம் யாது?
2. மோட்டார் சுழலாதபோது பேட்டரியின் வோல்ட் இறங்காமல் நிற்பது எதைக் காட்டுகிறது?
3. உங்கள் சங்க வண்டியின் எர்த் பட்டை எங்குள்ளது? சென்று பார்த்துக் கூறுக.