தீராத மிஸ்ஸிங்: மாற்றிய பாகங்களும் செய்யாத சோதனைகளும்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்ற ஐடிலிங் வேகத்தில் ஓடும்போதே அதன் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 400 முறை எரிதல் நிகழ வேண்டும். அவற்றுள் சில தவறிப்போய், உள்ளே சென்ற பெட்ரோலும் காற்றும் எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ வெளியேறுவதையே பட்டறைகளில் மிஸ்ஸிங் என்கின்றனர். உரிய நேரத்தில் வலுவான தீப்பொறி, தேவையான அளவு எரிபொருள், அதற்கு ஈடான காற்று, அக்கலவையைக் கசியவிடாமல் அழுத்தும் சிலிண்டர் ஆகிய நான்கும் கூடினால்தான் எரிதல் நிகழும். இவற்றுள் எது குறைந்தாலும் ஓட்டுநர் உணர்வது ஏறத்தாழ ஒரே நடுக்கத்தைத்தான் என்பதால், காரணத்தை ஊகித்துப் பாகங்களை மாற்றும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பல ஆயிரம் ரூபாய் செலவான பின்னும் மிஸ்ஸிங் நீடிப்பதற்கு அவ்வழக்கமே பெரிதும் காரணமாகிறது.

நம்பிக்கை: ஸ்கேனரில் தெரியும் குறியீடு கெட்டுப்போன பாகத்தைக் காட்டிவிடும்.

உண்மை: காரின் கணினி தீப்பொறியையோ எரிதலையோ நேரில் காண்பதில்லை. பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு ஒவ்வோர் எரிதலின்போதும் நுண்ணிய அளவில் வேகம் கூடுகிறது. எரிதல் தவறினால் அந்த வேகம் சற்றே தளர்கிறது. தண்டோடு சுழலும் பற்சக்கரத்தின் பற்களை எண்ணும் சென்சாரின் மூலம் அத்தளர்ச்சியை உணர்ந்து, அப்போது எந்தச் சிலிண்டரின் முறை என்பதைக் கணக்கிட்டு, கணினி குறியீட்டைப் பதிகிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்கள் முதலும், இந்தியாவில் 2013 முதலும் கட்டாயமான, கார் தன் பழுதைத் தானே கண்டறியும் இரண்டாம் கட்ட ஓபிடி முறையின் ஒரு பகுதி இது. ஆகவே பி0302 என்ற குறியீடு இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டுமே சொல்கிறது. தீப்பொறிக்கான மின்னழுத்தத்தைத் தரும் காயிலா, பொறியை எழுப்பும் பிளக்கா, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா, வால்வா என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பி0300 வந்தாலோ, தவறுதல் ஒரு சிலிண்டரில் நிலைகொள்ளவில்லை என்று பொருள். அப்போது எரிபொருள் அழுத்தம், காற்றுக்கசிவு போன்று எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவானவற்றை முதலில் ஐயுற வேண்டும்.

குறியீட்டைவிட மதிப்பு மிக்கது, அது பதிவான கணத்தில் எஞ்சினின் சுற்று வேகம், சுமை, கூலன்ட் வெப்பம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்று கணினி சேமித்து வைக்கும் ஃப்ரீஸ் ஃபிரேம் எனும் பதிவாகும். குளிர்ந்த எஞ்சினிலா, மேடேறும்போதா, ஐடிலிங்கிலா என்பதைக் கூறும் சாட்சியம் அதுவே. பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தில் பலர் முதல் வேலையாக அழித்துவிடுவதும் இதைத்தான்.

நம்பிக்கை: பிளக்கையும் காயிலையும் மாற்றினால் மிஸ்ஸிங் தீர்ந்துவிடும்.

உண்மை: தீரும் நேர்வுகள் ஏராளம், நம்பிக்கை பரவியதற்கு அதுவே காரணம். ஆயினும் மாற்றுவதற்கு முன் இடமாற்றிப் பார்க்கும் எளிய சோதனை செலவின்றி விடை தரக்கூடியது. ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் அமைந்த எஞ்சினில், இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாட்டிக் குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்கும்போது, பி0302 மறைந்து பி0303 வந்தால் குற்றம் காயிலுடையது; குறியீடு பழைய இடத்திலேயே நின்றால் காயில் பெரும்பாலும் குற்றமற்றது. அடுத்துப் பிளக்கையும், எளிதில் கழற்ற முடியுமெனில் இன்ஜெக்டரையும் இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். மல்டிமீட்டரில் சரியான ஓம் காட்டும் காயில்கூட, சூடேறிய பின் இன்சுலேஷன் விரிசலால் மின்சாரத்தைக் கசியவிடக்கூடும் என்பதால், மேசைமேல் வைத்து அளப்பதைவிட இம்முறை நம்பகமானது. பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால், வால்வ் கவர் காஸ்கெட்டின் கசிவை அடைக்காமல் காயிலை மட்டும் மாற்றுவது, அடுத்த காயிலையும் அதே எண்ணெயில் ஊறவைப்பதாகும்.

இடமாற்றிய பின்னும் குறியீடு அசையாமல் நிற்பதே உண்மையில் தீராத மிஸ்ஸிங். பெரும்பாலான பட்டறைகள் தடுமாறும் இடமும் அதுவே. இங்குச் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. சூடான எஞ்சினில் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தத்தை அளவியில் பார்க்கும் முறை அது. மூன்று சிலிண்டர்கள் 170 பிஎஸ்ஐ அளவில் நிற்க ஒன்று மட்டும் 110 காட்டினால், அச்சிலிண்டரில் எத்தனை பிளக் மாற்றினும் பயனில்லை. ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. உயராவிட்டால் பழுது வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ இருக்கிறது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கிடையே ஹெட் காஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் மட்டும் நடுங்கிப் பின் சீராகும் கார், கூலன்ட் அளவும் மெல்லக் குறைந்துவருமானால், இரவு முழுவதும் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து பிளக்கை நனைக்கிறதா என்று பார்க்க வேண்டியதாகும்.

நம்பிக்கை: கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஆக்சிஜன் சென்சார் சொன்னால், சென்சாரோ பெட்ரோல் பம்போதான் பழுது.

உண்மை: எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு, பயன்படாத ஆக்சிஜனும் புகைக்குழாய்க்குள் செல்கிறது. சென்சார் ஆக்சிஜனை மட்டுமே உணர்வதால், பெட்ரோல் போதவில்லை என்று தவறாகக் கொண்டு கணினி மேலும் பெட்ரோலைச் சேர்க்கிறது. மிஸ்ஸிங்கின் விளைவே காரணம்போல் தோற்றமளிக்கிறது. எரிபொருள் உண்மையிலேயே குறைவா என்பதை அறிய, கணினி கூட்டியும் குறைத்தும் செய்யும் திருத்த அளவாகிய ஃப்யூயல் டிரிம்மை இரு வேகங்களில் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் மிகுந்திருந்து 2,500 சுற்றில் இயல்புக்குத் திரும்பினால் இன்டேக் பகுதியில் காற்றுக்கசிவு உண்டு. சுமை கூடக்கூடத் திருத்தமும் ஏறினால் பம்ப், ஃபில்டர் முதலியவற்றை நாடலாம்.

நம்பிக்கை: ஆக்டேன் எண் மிகுந்த பவர் பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும்.

உண்மை: ஆக்டேன் எண் என்பது கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவதை எதிர்க்கும் திறனின் அளவு, தீப்பொறி இல்லாத சிலிண்டருக்கும் அழுத்தமில்லாத சிலிண்டருக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

நம்பிக்கை: பெட்ரோலில் சீராக ஓடும் கார் சிஎன்ஜியில் மட்டும் மிஸ்ஸானால் கேஸ் கிட்தான் பழுது.

உண்மை: சிஎன்ஜி கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்படுகிறது. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் தளர்ந்த காயிலும் பெட்ரோலில் சமாளித்துவிட்டுக் கேஸில் தோற்றுவிடும். எனவே கிட்டைத் தொடுமுன் இவற்றைச் சோதிப்பது முறையாகும். மேலும், கேஸில் நெடுங்காலம் ஓடிய எஞ்சின்களில் வால்வ் அமரும் இருக்கை தேய்ந்து வால்வ் மேலேறுவதால், வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய டாப்பெட் இடைவெளி சுருங்கி, சூடேறியதும் வால்வ் முழுதாக மூடாமற்போகும். காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு அவ்விடைவெளியைச் சரிசெய்வது, காலம் தாழ்த்தாதிருந்தால் வால்வையே காப்பாற்றும்.

நம்பிக்கை: சற்று நடுங்கினாலும் ஓடுகிற வரை ஓட்டலாம்.

உண்மை: எஞ்சின் விளக்கு நிலையாக எரிவதும் விட்டுவிட்டு ஒளிர்வதும் ஒன்றல்ல. பின்னது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சேதமுறும் அளவுக்கு மிஸ்ஸிங் நிகழ்வதாகக் கணினி தரும் எச்சரிக்கை. நச்சுவாயுக்களை மாற்றும் அப்பாகத்துக்குள் எரியாத பெட்ரோல் சென்று எரியும்போது வெப்பம் கட்டுமீறி உயர்ந்து, உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடுகிறது. ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கிச் சிலிண்டரைச் சோதிக்கும் பழைய முறையும் இதே தீங்கைச் செய்வதோடு, பல்லாயிரம் வோல்ட் தாக்கும் ஆபத்தும் உடையது. இன்ஜெக்டரின் இணைப்பைக் கழற்றினால் எரிபொருளே செல்லாது என்பதால் அதே சோதனை தீங்கின்றி முடியும். மூலப் பழுது நீங்கிய பின்னும் மேடேறுகையில் கார் இழுவையின்றித் திணறினால், உருகிய தேன்கூடு புகைவழியை அடைத்துள்ளதா என்பதை, முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அத்துளையில் அழுத்த அளவியைப் பொருத்தி அறியலாம்.